சட்ட இன்டர்ன்ஷிப்புக்கு ஆங்கிலத்தில் தயாராவது: மட்டக்களப்பு, அம்பாறை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், ரியூஷனிலும் தமிழ். சட்டம் படிக்கப் போன பிறகுதான் ஆங்கிலம் எதிரே வந்து நிற்கிறது. கொழும்பில் ஒரு லோ ஃபேர்மிலோ சீனியர் சட்டத்தரணி ஒருவரின் சேம்பரிலோ இன்டர்ன்ஷிப் தேடினால் மின்னஞ்சலும் ஆங்கிலம், நேர்முகமும் ஆங்கிலம். அந்த இடத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் தடுமாறியவள்தான், முதல் இரண்டு நேர்முகமும் சரிவரவில்லை. இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர் சிலரை விறாந்தையில் இருத்திப் பழக்கிவிடுகிறேன். ஆள்தான் மாறுகிறது, விடும் பிழை மாறுவதில்லை.

பெரிய பிழை வரிசையில் இருக்கிறது. எல்லோரும் சிவியில் தொடங்குகிறார்கள். கூட்டாளியின் சிவியை வாங்கிப் பெயரை மாற்றி அனுப்பிவிட்டு, கூப்பிட்ட பிறகு ஆங்கிலம் பேசப் பழகப் பார்க்கிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்குத் தலைகீழ்: முதலில் ஒரு வழக்கை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள், பிறகு ஒரு பக்கம் எழுதுங்கள், பிறகு கடிதம், கடைசியில் சிவி. வாயில் ஒரு விஷயம் இருந்தால் கடிதத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். வாயில் ஒன்றுமில்லாவிட்டால் கடிதத்தில் "ஹார்ட் வேர்க்கிங்" என்றுதான் எழுதவேண்டி வரும்.

தொடங்கு முன் கையில் இருக்கவேண்டியவை: ஆறு வார அவகாசம், ஒரு கொப்பி, குரல் பதியும் போன், நீங்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்காத ஒரு ஆள். கடைசியாகச் சொன்னது கிடைப்பதுதான் கஷ்டம்.

1. எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

படிக்கும் காலத்தில் செய்யும் இன்டர்ன்ஷிப் வேறு. சட்டக்கல்லூரி இறுதிப் பரீட்சைக்குப் பின் சத்தியப்பிரமாணம் எடுக்குமுன் சீனியர் ஒருவரின் கீழ் செய்யவேண்டிய 6 மாத அப்ரண்டிஸ்ஷிப் வேறு. இரண்டாம் வருட மாணவர் ஒருவர் "அப்ரண்டிஸ்ஷிப் வேண்டும்" என்று எழுதினார். "இறுதிப் பரீட்சை முடித்த பிறகு வாருங்கள்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஒரு சொல்லால் ஒரு வாய்ப்புப் போனது.

அடுத்து, இடத்தைப் பொறுத்து வேண்டிய ஆங்கிலம் மாறும். கம்பனி வேலை பார்க்கும் ஃபேர்மில் ஒப்பந்தங்களும் மின்னஞ்சல்களும்; எழுத்து ஆங்கிலம் சுத்தமாக இருக்கவேண்டும். சீனியரின் சேம்பரில் தீர்ப்புத் தேடிச் சுருக்கிக் கொடுக்கவேண்டும். மூன்றாவது வகை, மக்கள் நேரே வந்து முறையிடும் நிறுவனங்கள்: 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழு, 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மனித உரிமைகள் ஆணைக்குழு போன்றவை. இரண்டுக்கும் மட்டக்களப்பில் அலுவலகம் இருக்கிறது. இங்கே வருகிறவர் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர் பெறுமதியானவர். என் அபிப்பிராயத்தில் முதல் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது இந்த மூன்றாவது வகைதான். இடமிருக்கிறதா என்று நேரே போய்க் கேட்கலாம், பஸ் காசும் மிச்சம்.

2. நாலு நாள் நீதிமன்றத்தில் இருங்கள்

அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்கவேண்டும். அதாவது மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, எது உங்களுக்குக் கிட்டவோ அங்கே போய்ப் பின்வாங்கில் இருந்து பார்க்க உங்களுக்குத் தடையில்லை. குடும்ப, பாலியல் விஷயங்களில் நீதிபதி ஆட்களை வெளியே போகச் சொல்லலாம். சொன்னால் முகம் சுளிக்காமல் எழும்பிப் போங்கள்.

ஏன் இது முதலில்? இங்கே முதனிலை நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது. கொழும்பில் நல்ல ஆங்கிலத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த அனுபவம் கிடைப்பதில்லை. நேர்முகத்தில் உங்களிடம் மட்டும் இருக்கப்போகும் பொருள் இது.

வெள்ளையோ மங்கலான நிறமோ உடுத்துங்கள். போனை நிற்பாட்டுங்கள், சைலன்ட் போதாது. பெயர்களை எழுதாதீர்கள். வழக்கு எந்த வகை, யார் என்ன கேட்டார், நீதிபதி என்ன கட்டளை கொடுத்தார், ஏன் என்ற நாலை மட்டும் கொப்பியில் தமிழிலேயே குறியுங்கள். ஆங்கிலத்தில் குறிக்கப் போய் அரைவாசியைத் தவறவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மொழிபெயர்ப்பு வீட்டுக்கு வந்த பிறகு.

3. சொற்களைச் சரிசெய்யுங்கள்

குறிப்பை ஆங்கிலமாக்கும்போதுதான் கண்ணி வெடிக்கும். எங்கள் சட்டத் தமிழ்ச் சொல் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் சரி. அகராதியில் முதலில் கிடக்கும் சொல் பெரும்பாலும் அது இல்லை.

உயர் நீதிமன்றம் என்பதை "ஹை கோர்ட்" என்று சொல்லாத மாணவரை நான் இன்னும் காணவில்லை. இந்தியச் செய்தி பார்த்துப் பழகிய கோளாறு. தமிழ்நாட்டில் அது சரி. இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் சுப்ரீம் கோர்ட், மேல் நீதிமன்றம்தான் ஹை கோர்ட். இதை மாற்றிச் சொன்னால், சட்டமே தெரியாது என்று எதிரே இருப்பவர் நினைப்பார். ஆங்கிலப் பிழையை மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள்.

காணி உறுதி என்பதற்கு ஒரு தம்பி "லேண்ட் கன்ஃபர்மேஷன்" என்றார். டீட் என்பதுதான் சொல். வழக்குத் தவணை போட்டார்கள் என்பதை இன்னொருவர் "இன்ஸ்டோல்மென்ட்" ஆக்கினார். "த கேஸ் வாஸ் போஸ்ட்போன்ட்" என்றால் போதும். பொலிசில் கொடுப்பது கம்ப்ளெயின்ட், மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடங்கத் தாக்கல் செய்வது ப்ளெயின்ட். சட்டத்தரணி அட்டோர்னி அட் லோ, சட்டமா அதிபர் அட்டோர்னி ஜெனரல். அவசரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். விளக்கமறியல் ரிமாண்ட், பிணை பெயில், சத்தியக்கடதாசி அஃபிடேவிட். இப்படி நாற்பது சொல் உங்கள் கொப்பியில் சேரவேண்டும், அதுவும் நீங்கள் காதால் கேட்ட வழக்குகளிலிருந்து. அச்சடித்த பட்டியலை மனப்பாடம் செய்தால் நேர்முக அறைக்குள் ஒன்றும் வாயில் வராது.

உச்சரிப்பில் எழுத்தை நம்பினால் மோசம்போகும் சொற்கள் சில உண்டு. குற்றப்பகர்வை "இன்டிக்ட்மென்ட்" என்று வாசிக்கிறார்கள், சொல்வது இன்டைட்மென்ட். சாட்சி அழைப்பாணைக்குச் சபீனா, நடுவில் 'ப்' சத்தம் மட்டும், பின்னால் நிற்கும் 'ஓ' கேட்காது. கடன் டெட், அதில் 'பி' ஊமை. ஈடு மோர்கேஜ், அதில் 'டி' ஊமை. மற்றபடி உங்கள் மட்டக்களப்பு வாடையை ஒளிக்க மினக்கெடாதீர்கள். கொழும்புக்காரர் மாதிரி இழுத்துப் பேச முயன்றவர்கள் நடுவில் மூச்சு முட்டி நின்றதைத்தான் கண்டிருக்கிறேன்.

4. ஒரு வழக்கை ஐந்து வாக்கியத்தில் சொல்லுங்கள்

தயாரிப்பின் அரைவாசி இதுதான். நாலு நாளில் பார்த்ததில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். கொலை வழக்கு வேண்டாம். அதில் நீங்கள் பார்த்தது ஒரு தவணை மட்டுமாக இருக்கும். சின்னதாக, முழுதாக விளங்கும் ஒன்றை எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வாய்ப்பானது காணிப் பிணக்கு. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வரும் வேலிச் சண்டை, வயல் சண்டை. சமாதானம் குலையும் என்று பொலிசார் அறிக்கை போட, அல்லது சம்பந்தப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு போட, வழக்குத் தொடங்கும். காணி யாருடையது என்று நீதிமன்றம் இங்கே தீர்மானிப்பதில்லை. அறிக்கை தாக்கல் செய்த நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதாவது காணியைக் கையில் வைத்திருந்தார் என்பதைத்தான் பார்க்கும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக எழுப்பியிருந்தால் அவரைத் திரும்ப இருத்தலாம். காணி யாருடையது என்ற உரித்துச் சண்டைக்கு மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும்.

போன வருடம் கல்லடியிலிருந்து வந்த ஒரு பிள்ளையை இதைச் சொல்லச் சொன்னேன். "தேர் வாஸ் எ லேண்ட். டூ பார்ட்டீஸ். தே ஃபைட். ஃபைனலி ஜட்ஜ் கேவ் லேண்ட் டு ஒன் பார்ட்டி" என்றாள்.

"ஜட்ஜ் காணியைக் குடுத்தவரா?"

"ஓம் அக்கா."

"உரித்தைக் குடுத்தவரா, ஆட்சியையா?"

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்தாள். "ஆட்சியத்தான்."

"அப்ப அதைச் சொல்லு புள்ள. கிராமர் மறுகா பாப்பம்."

அடுத்த முறை அவள் சொன்னது: "த கோர்ட் டிட் நொட் டிசைட் ஹூ ஓன்ஸ் த லேண்ட். இட் டிசைடட் ஹூ வாஸ் இன் பொசஷன்." இந்த இரண்டு வாக்கியத்திலும் கடினமான ஆங்கிலம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கிற சட்டத்தரணி நிமிர்ந்து உட்காருவார். அவளுக்கு ஆங்கிலம் குறைவாக இருந்ததை விட, தமிழில் விஷயம் தெளியாமல் இருந்ததுதான் பிரச்சினை. பாதித் தடுமாற்றம் இப்படித்தான் வருகிறது. ஆகவே முதலில் தமிழில் ஐந்து வாக்கியம், பிறகு ஆங்கிலத்தில் ஐந்து.

ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை: பிணக்கு எதைப் பற்றி, யார் என்ன கேட்டார், நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்வி எது, எந்தச் சட்டம், கடைசியாக முடிவும் அதன் காரணமும். நடந்து முடிந்ததற்கு இறந்தகாலம், சட்டம் சொல்வதற்கு நிகழ்காலம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் காலப் பிழைகளில் பெரும்பகுதி தானாக ஓடிவிடும்.

போனில் பதியுங்கள், கேளுங்கள், திரும்பப் பதியுங்கள். மூன்றாம் நாள் கொப்பியை மூடிவிட்டுச் சொல்லுங்கள். வசனத்தை அப்படியே பாடமாக்கினால் நடுவில் ஒரு கேள்வி விழுந்ததும் கயிறு அறுந்துவிடும். நானே நடுவில் குறுக்கிடுவேன்: "இதற்கு அப்பீல் உண்டா?" 66 இன் கீழ் வரும் தீர்மானத்துக்கு மேன்முறையீடு இல்லை என்று 74 ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் சீராய்வுக்குப் போகலாம், ஆங்கிலத்தில் ரிவிஷன். ஒரு வழக்கை எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு படி தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறுக்கீடு.

5. ஒரு தீர்ப்பைப் படித்து ஒரு பக்கம் எழுதுங்கள்

உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அதன் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. பத்துப் பக்கத்துக்கு மேற்படாத ஒன்றை எடுங்கள், முடிந்தால் நீங்கள் பார்த்த வழக்கோடு தொடர்புள்ளதாக. காணி என்றால் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, அதாவது உரிமையாளரின் உரித்தை ஏற்காமல் பத்து வருடம் காணியை வைத்திருக்கும் எதிரிடையான ஆட்சி பற்றிய தீர்ப்புகள் நிறைய உண்டு.

முடிவை முதலில் படியுங்கள். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்தால் நடுவிலுள்ள நீண்ட மேற்கோள்களில் தொலையமாட்டீர்கள். பிறகு சம்பவம், எழுந்த கேள்வி, சட்டம், தீர்ப்பு என்ற வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள். வாக்கியம் இருபது சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள்.

சாட்ஜிபிடியிடம் சுருக்கித் தரச் சொல்லி அதையே அனுப்புகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அது இல்லாத வழக்கொன்றை இருப்பதாகச் சொல்லும். உங்கள் பெயரில் போய் நிற்கும். ஆங்கிலத்தைத் திருத்தக் கேளுங்கள், பரவாயில்லை. எழுதுவது நீங்களாக இருக்கட்டும், ஏனென்றால் நேர்முகத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

6. மின்னஞ்சலும் கடிதமும்

பள்ளிக்கூடத்தில் படித்த "ஐ பெக் டு" பாணியை மறந்துவிடுங்கள். பிச்சை கேட்கும் கடிதம் போலத்தான் வாசிக்கிறவருக்குப் படும். "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடங்கி அது ஒரு பெண் பங்காளரிடம் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. பெயர் தெரிந்தால் பெயர் போடுங்கள், தெரியாவிட்டால் "டியர் சேர் ஓர் மேடம்".

பொருள் வரியில் மூன்று விஷயம்: இன்டர்ன்ஷிப் விண்ணப்பம், உங்கள் பெயர், எந்த மாதங்கள். உடலில் நாலு சிறு பந்தி. நீங்கள் யார், எந்த வருடம் படிக்கிறீர்கள். ஏன் இந்த இடம். என்ன கொண்டுவருகிறீர்கள். எப்போது வரலாம். மூன்றாவதில் 2, 4, 5 ஆம் படிகளில் செய்ததை எழுதுங்கள்: தமிழில் நடந்த வழக்குகளைப் பார்த்தேன், அதில் ஒன்றை ஆங்கிலத்தில் சுருக்கினேன், தீர்ப்புக் குறிப்பொன்றை இணைத்திருக்கிறேன். "ஐ கேன் ரீட் எ கேஸ் ரெக்கோர்ட் இன் டமில் அண்ட் சமரைஸ் இட் இன் இங்கிலிஷ்." இந்த ஒரு வரி பத்துப் பெருமைச் சொல்லுக்குச் சமம்.

ஒரே மின்னஞ்சலில் பதினைந்து ஃபேர்மின் முகவரிகளையும் போட்டு அனுப்பவேண்டாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிடும்.

7. சிவி, இரண்டு பக்கத்துக்குள்

அரசாங்க வேலைக்குப் போடும் பயோடேட்டாவும் இதுவும் ஒன்றல்ல. சமயம், திருமண நிலை, அப்பாவின் தொழில், கிராம உத்தியோகத்தர் பிரிவு எதுவும் வேண்டாம். சாதாரண தரப் பெறுபேறு ஒன்பதையும் அடுக்கவேண்டாம். ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு இருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

பெயரில் கவனம். எங்களுக்கு முதலெழுத்தில் அப்பா பெயர், படிவத்தில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி எழுதினால் சான்றிதழ் கேட்கும் நாளில் சிக்கல். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எங்கும் பாவியுங்கள்.

மொழிகள் என்ற தலைப்பில் உண்மையை எழுதுங்கள். சிங்களம் கொஞ்சம் பேசுவீர்கள் என்றால் "பேசிக்" என்று எழுதலாம். "ஃப்ளூவன்ட்" என்று எழுதிய ஒருவரிடம் நேர்முகத்தில் சிங்களத்திலேயே கேட்டுவிட்டார்கள். நற்சாட்சி சொல்ல இருவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், மாமா வேண்டாம். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி உங்கள் பெயரையே அதற்கு வையுங்கள். "சிவி நியூ ஃபைனல் 3" என்று வந்த கோப்பை எத்தனை முறை திறந்திருக்கிறேன்.

8. நேர்முகம்

"டெல் அஸ் எபௌட் யுவர்செல்ஃப்" என்பது சுயசரிதை கேட்பதல்ல. ஒரு நிமிடம்: என்ன படிக்கிறேன், எந்தத் துறையில் நாட்டம், அதற்கு என்ன செய்தேன். "மை நேம் இஸ்" என்று தொடங்கி ஊர், அப்பா, அம்மா, சகோதரங்கள் என்று போனால் அரை நிமிடம் வீண். மூன்றாவது வரியிலேயே உங்கள் வழக்கைக் கொண்டுவாருங்கள். அவர்கள் அதைப் பற்றியே கேட்பார்கள். நீங்கள் தயார் செய்த வயலில் அவர்களை நடக்கவிடும் வேலை அது.

அடிப்படைக் கேள்விகளும் வரும். அடிப்படை உரிமை மீறலுக்கு எங்கே போவது, எவ்வளவு காலத்துக்குள்? 126 ஆம் உறுப்புரை, உயர் நீதிமன்றம், ஒரு மாதம். காணி விற்பனை உறுதி நொத்தாரிசு முன் ஏன் எழுதப்படவேண்டும்? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2 ஆம் பிரிவு. இப்படிப் பத்து, கொப்பியில் இருக்கட்டும்.

தெரியாத கேள்விக்கு மௌனம்தான் எங்கள் பிள்ளைகளின் பழக்கம். மரியாதை என்று நினைத்துத் தலையைக் குனிகிறார்கள்; எதிரே இருப்பவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார். "ஐ டோன்ட் நோ த செக்ஷன், பட் ஐ வுட் ஸ்டார்ட் வித் த சிவில் ப்ரொசீஜர் கோட்" என்று தேடும் வழியைச் சொல்லுங்கள். கேள்வி விளங்காவிட்டால் "குட் யூ ப்ளீஸ் ரிபீட் த குவெஸ்ஷன்?" என்பதில் வெட்கமில்லை. அரைகுறையாகப் பிடித்த கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்வதுதான் ஆபத்து. ஒவ்வொரு வரிக்கும் "சேர்" போடவேண்டாம், உள்ளே போகையிலும் வெளியே வருகையிலும் போதும்.

சூம் நேர்முகம் என்றால் முதல்நாள் அதே நேரத்தில் அதே மூலையில் இருந்து பாருங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ கோயில் பாட்டோ அந்த நேரத்தில் வருமா என்று அப்போதுதான் தெரியும். மின்விசிறிச் சத்தம் மைக்கில் புயல் போலக் கேட்கும். பின்னால் உடுப்புக் கொடி வேண்டாம். போன் டேட்டாவையும் தயாராக வைத்திருங்கள்.

கொழும்புக்கு நேரே போவதென்றால் இராப் பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேராக நேர்முகத்துக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் முதல் முறை போனேன். புறக்கோட்டையில் முகம் கழுவி, கசங்கிய சாரியோடு, காலை ஒன்பதரைக்கு ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் இருந்தேன். கேள்விகள் எல்லாம் எனக்கு இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. முதல்நாள் பகலில் உதயதேவி ரயிலில் புறப்பட்டு வெள்ளவத்தையிலோ எங்கேயோ தெரிந்தவர் வீட்டில் ஒரு இரவு தூங்குங்கள். "கொழும்பில் எங்கே தங்குவீர்கள்?" என்ற கேள்வியும் வரும், அந்த வீட்டுக்காரரிடம் அன்றிரவே கேட்டு வைத்தால் உறுதியான பதில் கையில் இருக்கும்.

9. வெளியே வந்த பிறகு

அன்றே, பஸ்ஸிலோ ரயிலிலோ இருந்தபடி, கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். அடுத்த நாள் இரண்டு வரியில் நன்றி மின்னஞ்சல். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒரு முறை மட்டும் விசாரியுங்கள்.

கிடைத்தால், ஒத்துக்கொள்ளுமுன் கேட்கவேண்டியவை: எத்தனை நாள், எத்தனை மணிக்கு, கொடுப்பனவு உண்டா, முடிவில் கடிதம் தருவார்களா. கொடுப்பனவைக் கேட்பது அவமரியாதை இல்லை. ஊரிலிருந்து போகிற பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாடும் இருக்கிறது. இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கினால் அதை வாசித்துவிட்டுப் போடுங்கள், போட்ட பிறகு மேசையில் கிடக்கும் வழக்கேட்டின் படம் ஒன்றும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக்கூடாது.

கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விப் பக்கத்தை எடுத்து 4 ஆம் படியிலிருந்து தொடங்குங்கள், 2 ஐத் திரும்பச் செய்யத் தேவையில்லை. கல்லடிப் பிள்ளை மூன்றாவது முறைதான் எடுபட்டாள். அவளுடைய கொப்பி இப்போது சம்மாந்துறைத் தம்பி ஒருவரிடம் இருக்கிறது. திருப்பித் தருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.